சிஸ்டம் எடுத்துக்கிச்சு சார்!

எங்கள் வீட்டில் நிதி இலாகா என் மனைவியிடம். கரன்ட் பில், கேஸ், பால், அபார்ட்மென்ட் மெயின்டெனன்ஸ் எல்லாம் கெடு தேதிக்கு முன்பே கட்டப்பட்டுவிடும். வீட்டில் விளக்கு எரிவது இயற்கை நிகழ்ச்சி என்றே நான் நெடுநாள் நம்பியிருந்தேன். போன மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் போனும் மடியில் துவைத்த துணியுமாக உட்கார்ந்திருந்தவள், "எல்லாத்தையும் நான் ஒருத்தியே பாக்கணுமா?" என்றாள். வீரம் தலைக்கேறி, "பாப்பாவோட டே கேர் ஃபீஸை இனிமே நான் பாத்துக்கறேன்" என்று வாயை விட்டுவிட்டேன்.

மாதம் ஒருமுறை, ஒரே ஒரு கட்டணம். இதில் என்ன தப்பு வந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டே மாதத்தில் 2,600 ரூபாய் அபராதக்காரன் ஆனேன்.

எங்கள் மகளின் டே கேர் துரைப்பாக்கத்தில், யாரோ ஒரு ரிட்டயர்டு ஆபீசர் ஆசை ஆசையாகக் கட்டிய தனி வீட்டில் நடக்கிறது. காம்பவுண்டுச் சுவரில் ஒரு யானை உதட்டுச் சாயத்தோடு சிரிக்கும். பக்கத்தில் யானையைவிடப் பெரிய முயல். உள்ளே போனால் பினாயிலும் பருப்புச் சாதமும் கலந்த ஒரு வாசனை. காலை 8 மணிக்கு விட்டால் மாலை 6.30க்குள் எடுத்துவிட வேண்டும். மாதம் 9,500 ரூபாய், 5ஆம் தேதிக்குள். தவறினால் நாளொன்றுக்கு 100. குழந்தையை எடுக்கத் தாமதமானால் அது தனிக் கணக்கு: ஒவ்வொரு அரை மணிக்கும் 150.

இவையெல்லாம் சேர்க்கும்போது நான் கையெழுத்துப் போட்ட 14 பக்க விண்ணப்பத்தில் 11(சி) என்ற இடத்தில் இருக்கின்றனவாம். குழந்தை காலைக் கட்டிக்கொண்டு கதறும் நேரத்தில் நீட்டப்படும் தாளில் எந்தத் தகப்பன் எதைப் படித்திருக்கிறான்? அன்றைக்குக் கிரயப் பத்திரத்தை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பேன்.

ஆபீசிலேயே குழந்தைகள் காப்பகம் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று 2017இலேயே மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் ஆபீசில் 47 பேர். 48ஆவது ஆள் சேரும் வாரத்தில் யாராவது ஒருவர் ராஜினாமா செய்துவிடுகிறார். இதில் சதி ஏதும் இருப்பதாக நான் சொல்லவில்லை.

ஜூன் 5. இரவு 9.47. கெடு தேதியன்று கட்டுவது என் கொள்கை. முன்கூட்டிக் கட்டினால் பணத்துக்கு நம் மீது இருக்கும் மரியாதை போய்விடும். க்யூ.ஆர். கோடைப் பார்த்து 9,500 அடித்து, ரகசிய எண்ணைத் தட்டினேன். ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது. கோயில் பிராகாரத்தில்கூட மூன்று சுற்றோடு நிறுத்திக்கொள்வார்கள்; இது நிறுத்தவில்லை. வங்கியிலிருந்து பணம் பிடித்த செய்தி வந்தது. பணம் போய்விட்டது என்றால் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

பணம் போய்ச் சேரவில்லை. நான்கு நாள் எங்கேயோ ஊர் சுற்றிவிட்டு, 9ஆம் தேதி, திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி என் கணக்குக்கே திரும்பி வந்தது. அதற்கும் ஒரு செய்தி வந்ததாம். எனக்கு வரும் வங்கிச் செய்திகளில் பத்தில் ஒன்பது, 'உங்களுக்கு 8 லட்சம் கடன் தயார்' என்று சொல்பவை. பத்தாவதை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? 12ஆம் தேதிதான் பார்த்தேன். பதறிப்போய் அன்றைக்கே மறுபடி கட்டினேன். 6 முதல் 12 வரை 7 நாள், 700 ரூபாய் தாமதக் கட்டணம் என்று டே கேர் ஆப்பில் ஒரு சிவப்பு வரி வந்து உட்கார்ந்தது. தப்பு வங்கியுடையது, டே கேர் நடத்தும் மேடத்திடம் சொன்னால் எடுத்துவிடுவார் என்று விட்டுவிட்டேன். சொல்ல மறந்தும்விட்டேன்.

ஜூலையில் நான் திருந்திய மனிதன். 3ஆம் தேதியே 9,500 கட்டினேன். குறிப்பு எழுதும் இடத்தில் 'ஜூலை மாத ஃபீஸ்' என்றுகூட எழுதினேன். மனைவியிடம் காட்டி, "பாத்தியா?" என்றேன். அவள் பார்த்துவிட்டு, "ம்" என்றாள். எங்கள் வீட்டில் அது பத்மஸ்ரீ.

24ஆம் தேதி ஆப்பில் ஒரு நோட்டீஸ். செலுத்த வேண்டிய பாக்கி 2,600.

விசாரித்ததில் தெரிந்தது இது. நான் கட்டிய 9,500இல் சிஸ்டம் முதலில் தன் பழைய பாக்கி 700ஐ எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சம் 8,800தான் ஜூலைக் கணக்கில் ஏறியது. ஆகவே ஜூலை ஃபீஸில் 700 குறைகிறது. குறைந்தால் அது முழுமையாகக் கட்டாத ஃபீஸ். ஆகவே 6ஆம் தேதியிலிருந்து நாளொன்றுக்கு 100, 24 வரை 19 நாள், 1,900. அதோடு குறையும் 700. ஆகமொத்தம் 2,600. அபராதத்தைக் கட்டாததற்கு அபராதமில்லை. அபராதத்தைக் கட்டியதால் அபராதம்!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 700 ரூபாய்க்கு நாளொன்றுக்கு 100 என்றால் தினசரி 14 சதவீதத்துக்கும் மேல். ஏழே நாளில் கடன் இரட்டிப்பு. தமிழ்நாட்டில் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் தினவட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இலக்கணம் சொல்லியிருக்கிறார்கள். யானை முயல் படம் போட்ட வட்டி ஒன்று பின்னால் வரும் என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றியிருக்கும்?

டே கேருக்குப் போன் செய்தேன்.

"மேடம், நான் 3ஆம் தேதியே கட்டிட்டேனே?"

"ஆமா சார், வந்துடுச்சு."

"அப்புறம் ஏன் லேட் ஃபீஸ்?"

"அது சிஸ்டம் எடுத்துக்கிச்சு சார்."

"நீங்க அதை மாத்தலாமே?"

"சிஸ்டத்துல எடிட் ஆப்ஷன் இல்ல சார்."

அந்தக் காலத்தில் கஷ்டம் வந்தால் விதி என்றார்கள். விதியையாவது மதியால் வெல்லலாம் என்று ஒரு பழமொழி ஆறுதல் சொன்னது. சிஸ்டத்துக்கு அப்படி ஒரு பழமொழியும் இதுவரை வரவில்லை.

"700 ரூபாய் விஷயத்தை மொதல்லயே பேசித் தீத்திருக்கலாம்" என்றாள் மனைவி. சரியான பேச்சு, ஆகவே அதை நான் காதில் வாங்கவில்லை. "இது பணப் பிரச்சினை இல்ல, கொள்கைப் பிரச்சினை" என்றேன். ஒருவன் இப்படிச் சொல்கிறான் என்றால் அது முழுக்க முழுக்கப் பணப் பிரச்சினை என்று அவளுக்குத் தெரியும். "அப்பாகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என் மாமனார் கும்பகோணத்தில் இருக்கிறார். சார்நிலைக் கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 34 வருடம் மற்றவர்களுடைய பில்லில் தப்புக் கண்டுபிடித்தவருக்கு ஓய்வுக்குப் பிறகு கண்டுபிடிக்க வீட்டில் போதுமான பில் இல்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் எதிர்முனையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. பேப்பர், பேனாவோடு உட்கார்ந்துவிட்டார்.

"போன்ல பேசுனதெல்லாம் கணக்குல சேராது மாப்ளே. மனுவாக் குடுங்க. நான் சொல்றேன், எழுதிக்குங்க. அனுப்புநர், பெறுநர் போட்டாச்சா? அம்மையீர். பொருள்: மழலையர் காப்பகம், தாமதக் கட்டணம் ரூ.2,600, தள்ளுபடி செய்யக் கோருதல், தொடர்பாக."

"தொடர்பாகன்னு எதுக்கு மாமா? கோருதல்னாலே போதுமே?"

"தொடர்பாக இல்லாம மனு நிக்காது மாப்ளே. அப்புறம் பார்வை. பார்வை ஒண்ணு: தங்கள் காப்பகச் செயலியின் 24.7 தேதியிட்ட அறிவிப்பு. பார்வை ரெண்டு என்ன போடுறீங்க?"

"ரெண்டு வேணுமா?"

"ஒத்தைப் பார்வையில ஒரு மனுவா?" என்று அதிர்ந்தார். "தேடுங்க. கிடைக்கும்."

இரண்டாவது பார்வையைத் தேடி நான் இரவு முழுக்கக் கண் விழித்தேன். அப்போதுதான் இந்த நாட்டில் தாமதத்துக்கு எவ்வளவு பேர் எவ்வளவு யோசித்து விதி எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

எல்.ஐ.சி. பாலிசிக்கு மாதத் தவணை என்றால் கெடு தாண்டி 15 நாள் சலுகை. ஆண்டுத் தவணை என்றால் 30 நாள். சாவோடு வியாபாரம் செய்பவர்களே 15 நாள் பொறுக்கிறார்கள். ரைம்ஸ் சொல்லித் தரும் இடத்தில் ஒரு நாள் இல்லை. 1936இல் வந்த ஊதியப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் 7ஆம் தேதிக்குள், அதற்கு மேலிருந்தால் 10ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தால் போதும் என்றது. வெள்ளைக்காரன் காலத்து முதலாளிக்கு 7; எனக்கு 5.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. அதில் 74ஆவது பிரிவு: ஒப்பந்தத்தில் அபராதத் தொகை இவ்வளவு என்று எழுதியிருந்தாலும், அது உச்ச வரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். அதைவிட எனக்கு இனித்தது 59ஆவது பிரிவு. ஒருவனுக்குப் பல பாக்கி இருந்து, 'இந்தப் பணம் இன்ன பாக்கிக்கு' என்று சொல்லிக் கட்டினால், வாங்கிக்கொண்டவர் அந்தப் பாக்கியில்தான் வரவு வைக்க வேண்டும். 'ஜூலை மாத ஃபீஸ்' என்று நான் எழுதியிருந்தேனே! பெருமைக்காக எழுதியது; ஆனால் 150 வருடத்துக்கு மேற்பட்ட சட்டம் ஒன்று அந்தப் பெருமைக்குப் பின்னால் வந்து நின்றது. எழுதாமல் விட்டிருந்தால் அடுத்த பிரிவின்படி அவர்கள் இஷ்டம்.

மூன்றாவது ஆயுதம் ரிசர்வ் வங்கி. 2019 செப்டம்பர் 20ஆம் தேதிச் சுற்றறிக்கை ஒன்று, யு.பி.ஐ.யில் நம் கணக்கில் பணம் பிடித்து, கடைக்காரருக்குப் பணம் வந்த தகவல் போகாவிட்டால், வங்கி 5 நாளுக்குள் அதைத் தானாகத் திருப்ப வேண்டும் என்கிறது. அதற்கு மேல் தாமதமானால் வாடிக்கையாளருக்கு நாளொன்றுக்கு இழப்பீடு. எவ்வளவு தெரியுமா? 100 ரூபாய்! படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். டே கேர் என்னிடம் கேட்பதும் 100, வங்கி எனக்குத் தர வேண்டியதும் 100. சரிக்குச் சரி. பிறகு தேதியை எண்ணினேன். 5ஆம் தேதி போன பணம் 9ஆம் தேதி வந்துவிட்டது. நான்கே நாள். வங்கி தன் கெடுவுக்குள் வேலையை முடித்துவிட்டது. எனக்கு ஒரு பைசா பாக்கி இல்லை. அவர்களுக்கு 5 நாள் அவகாசம் கொடுத்த புண்ணியவான் எனக்கும் ஒன்றிரண்டு கொடுத்திருக்கலாம்.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்றும் பார்த்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஓர் அழகான சொல் இருக்கிறது. ஏற்பட்ட நஷ்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அபராதம் போடுவதும் அதில் சேர்த்தி. ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்று வழக்குப் போட மாவட்ட ஆணையம் கிடையாது, நேராக மாநில ஆணையம். 2,600 ரூபாய்க்கு மாநில ஆணையம்! அங்கே கோடிக்கணக்கில் ஃபிளாட் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். "உங்களுக்கு எவ்வளவு சார்?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால் என்ன சொல்வது?

இவ்வளவு சட்டம் பேசுகிறவன் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பணம் கட்டுவதில் நான் தாமதித்தது ஒரு தடவை. பிள்ளையை எடுப்பதில் நான் தாமதித்தது எத்தனை தடவை என்று மனைவிக்குத்தான் தெரியும்.

அந்த 150 ரூபாய் விதி அமலுக்கு வருவதற்கு முன் நான் வேறு ஆள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டருக்கு மேல் மெட்ரோ போடுகிறார்கள். அந்த 45 கிலோமீட்டரும் என் ஸ்கூட்டருக்கு முன்னால்தான் போடப்படுவதாக எனக்குத் தோன்றும். கந்தன்சாவடியில் நின்று, பெருங்குடியில் வியர்த்து, 6.40க்கு டே கேர் வாசலில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "சாரி ஆயாம்மா, சாரி ஆயாம்மா" என்று ஓடுவேன். முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். அடுத்த நாள் ஒரு மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டாவது கிளம்பிவிடுவேன்.

ஜனவரியில், அதுவரை தாளில் மட்டும் இருந்த விதி அமலுக்கு வந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் மணி 6.34. டே கேருக்கு 300 அடி தூரத்தில் டீக்கடை. எப்படியும் 150 விழுந்துவிட்டது; அரை மணிக்குள் எப்போது போனாலும் அதே 150தானே? ஒரு டீ சொன்னேன். கூட ஒரு வாழைக்காய் பஜ்ஜி. அவசரப்படாமல் ஆற்றிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, 6.57க்கு நிமிர்ந்த தலையோடு உள்ளே போனேன். சாரி சொல்லவில்லை. காசு கொடுக்கிறேனே!

இது என் தனிப்பட்ட கீழ்மை என்று நினைத்திருந்தேன். இல்லையாம். இஸ்ரேலில் ஹைஃபா என்ற ஊரில் 1998இலேயே இதை ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள். யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிகீனி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 10 டே கேர்களில் 20 வாரம் உட்கார்ந்து, பெற்றோர் எத்தனை பேர் தாமதமாக வருகிறார்கள் என்று எண்ணினார்கள். 4 வாரம் சும்மா பார்த்துவிட்டு, 6 இடங்களில் மட்டும் அபராதம் போட்டார்கள்: 10 நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் 10 ஷெக்கல். மாத ஃபீஸ் 1,400 ஷெக்கல் இருந்த காலம் அது. தாமதம் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? ஏறியது. கொஞ்ச வாரத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 17ஆவது வாரம் அபராதத்தை எடுத்தார்கள். தாமதம் இறங்கவில்லை. அபராதம் போய்விட்டது, பெற்றோருக்குப் போன கூச்சம் மட்டும் திரும்பி வரவில்லை. 2000ஆம் ஆண்டு வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பே, அபராதம் என்பது ஒரு விலை என்பதுதான். ஹைஃபாவிலும் பஜ்ஜி மாதிரி ஏதோ ஒன்று கிடைத்திருக்க வேண்டும்.

ஜூலை 25. அரை நாள் லீவு. 8 பக்கப் பிரின்ட் அவுட், வங்கி ஸ்டேட்மென்ட்டில் மஞ்சள் கோடு, மாமனார் மனு, எல்லாவற்றுக்கும் டேக் போட்ட ஃபைல். மாலை 6.05க்கே டே கேரில் இருந்தேன். என் சரித்திரத்தில் முதல் தடவை. வாசலில் ஆயாம்மா என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்; பேட்டரி போய்விட்டதோ என்று சந்தேகப்பட்டிருப்பார்.

மேடம் மனுவை வாங்கிப் படித்தார். 'தொடர்பாக' வரை வந்து நிமிர்ந்து, "சார், நீங்க கவர்ன்மென்ட்டா?" என்றார். மாமனாருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

பிறகு 59ஐச் சொன்னேன். 74ஐச் சொன்னேன். ரிசர்வ் வங்கியைச் சொன்னேன். அவர் 11(சி)யைச் சொன்னார். நான் கந்துவட்டியைச் சொன்னேன். அவர் முகம் சிவந்து, "சார், 62 குழந்தைங்க. வாடகை 1ஆம் தேதி, டீச்சர் சம்பளம் 5ஆம் தேதி, பால்காரர் தினமும். ஒவ்வொரு பேரன்ட்டும் ஒவ்வொரு கதை சொல்றாங்க. அதுக்காகத்தான் சிஸ்டம் வாங்குனேன். அந்த சிஸ்டத்துக்கும் மாசாமாசம் நான் பணம் கட்டணும். நான் ஒரு நாள் லேட்டானா ஆப்பே திறக்காது, தெரியுமா?" என்றார். சிஸ்டத்திடம் அவரும் ஒரு மனுதாரர்தான் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்காவது கும்பகோணத்தில் ஆள் இருந்தது.

கடைசியில் கால்குலேட்டரை எடுத்தார். ஜூலைக் கட்டணத்தைத் தப்பாக வரவு வைத்தது சிஸ்டம், 1,900 தள்ளுபடி. ஜூனில் பணம் வங்கியில் மாட்டியிருந்தது 9ஆம் தேதி வரை; அந்த 4 நாளுக்கு 400 தள்ளுபடி. "10, 11, 12? பணம் உங்ககிட்டதானே இருந்துச்சு சார்? மெசேஜ் பாக்காதது யாரு?" 300 நிற்கும் என்றார். மாமனார் தணிக்கை செய்திருந்தாலும் அதே 300தான் வந்திருக்கும். ஆனாலும் நான் விடவில்லை. அந்த 300க்கும் வாதாடினேன். கொள்கை!

அந்த வாதத்தின் நடுவில்தான் வாசலைத் தற்செயலாகப் பார்த்தேன். என் மகள் ஷூ போட்டு, பையை மாட்டி, தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் தொங்கவிட்டு, புறப்படத் தயாராக நின்றபடியே தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். அவள் தலையைத் தன் இடுப்பில் சாய்த்துப் பிடித்தபடி ஆயாம்மா. தோளில் கட்டைப்பை. அதில் காலி டிபன் பாக்ஸ். ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

மணி 6.50. மற்றக் குழந்தைகள் எல்லாம் எப்போதோ போயாகிவிட்டது.

குழந்தையை வெளியே விட ஓ.டி.பி. வேண்டும். அது வர 3 நிமிஷம். 6.53க்கு எண்ணைத் தட்டியதும் ஆப் ஒரு மணி அடித்தது. தாமத வருகை: ரூ.150.

"மேடம், நான் 6 மணிலேருந்து இங்கதானே இருக்கேன்!"

"நீங்க வந்துட்டீங்க சார். பாப்பாவை எடுக்கல." குரலில் கோபமே இல்லை. "சிஸ்டம் எடுத்துக்கிச்சு."

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினால், பஸ் ஸ்டாப்பில் ஆயாம்மா. பெரும்பாக்கம் போக வேண்டும். 6.40க்கு ஒரு பஸ் இருக்கிறது. முன்பக்கம் ரோஸ் கலர் பூசிய சாதாரணக் கட்டண பஸ். 2021 மே மாதத்திலிருந்து அதில் பெண்களுக்குக் காசில்லை. அதை விட்டால் அடுத்த ரோஸ் பஸ் எப்போது வரும் என்பது டிரைவருக்கே வெளிச்சம். ஷேர் ஆட்டோ பிடித்து, சோழிங்கநல்லூரில் இறங்கி, இன்னொன்று மாறினால் 40 ரூபாய்.

"ஏறுங்க ஆயாம்மா, நான் விட்டுடறேன்."

"பாப்பாவை வச்சுக்கிட்டு மூணு பேரா? போலீஸ்காரன் ஃபைன் போடுவான் சார்" என்று சிரித்தார்.

நான் லேட்டாக வந்த நாளெல்லாம் இப்படித்தானா என்று கேட்டேன்.

"பஸ்ஸு போனாப் போகுது சார். ஏழரைக்குக் குழாயில தண்ணி நின்னுடும். அதான்."

"அந்த 150ல உங்களுக்கு எவ்வளவு தருவாங்க?"

"எனக்கு ஏன் சார் குடுப்பாங்க? அது ஆபீஸ் காசு." ஒரு கணம் யோசித்துவிட்டு, "நீங்க முன்னாடியெல்லாம் ஓடி வருவீங்க. இப்ப டீ குடிச்சிட்டு வர்றீங்க. வாசல்லேருந்து பாத்தா அந்தக் கடை தெரியும் சார்" என்றார்.

59க்கும் 74க்கும் நடுவில் எத்தனையோ பிரிவு இருக்கும். இதற்கு ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. தூங்குகிற பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

300க்கும் 150க்கும் ஆக 450ஐ அன்றிரவே கட்டினேன். வட்டம் நிற்கும் வரை கண் இமைக்காமல் பார்த்தேன். பிறகு மாமனாருக்குப் போன் செய்தேன். 2,150 தள்ளுபடியான சேதி கேட்டு, 34 வருட சர்வீஸில் வராத சந்தோஷம் அவருக்கு. உண்மையில் தள்ளுபடி 2,300; புதிதாகச் சேர்ந்த 150ஐக் கழித்துவிட்டுத்தான் சொல்லியிருந்தேன். அதைக் கணக்கிலேயே கண்டுபிடித்து, "அந்த நூத்தம்பது எங்க மாப்ளே இடிக்குது?" என்றார். சொன்னேன். ஆயாம்மாவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் நாற்காலி இழுக்கும் சத்தம்.

"எழுதிக்குங்க. பொருள்: தாமத வருகைக் கட்டணம், அன்று மாலை காத்திருந்த பணியாளருக்கே வழங்கக் கோருதல், தொடர்பாக. பார்வை ஒண்ணு: விண்ணப்பப் படிவம் 11(சி). பார்வை ரெண்டு..." என்று நிறுத்தினார். "பார்வை ரெண்டுக்கு என்ன இருக்கு மாப்ளே?"

இந்தத் தடவை நான் தேட வேண்டியிருக்கவில்லை. 'பார்வை 2: 25.7 அன்று மாலை 6.50க்கு வாசலில் நின்று ஆயாம்மா பார்த்தது' என்று எழுதிக்கொண்டேன்.

மறுநாள் 6.15க்கு மனுவைக் கொடுத்தேன். மேடம் இரண்டு முறை படித்தார். "சிஸ்டத்துல இதுக்கு ஆப்ஷன் இல்ல சார்" என்றார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு 40 பக்க நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து, பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார். தேதி, பெயர், நிமிஷம், தொகை, ஆயாம்மா கையெழுத்து. முதல் வரியில் என் பெயர். 23 நிமிஷம். 150 ரூபாய்.

ஆயாம்மா கையெழுத்துப் போட்டு, பணத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"காசு வேணாம்னு சொல்லல சார்," என்றார் செருப்பை மாட்டிக்கொண்டே. "ஆனா நாளைக்கும் இதே டயத்துக்கு வந்துடுங்க. பஸ்ஸு போயிடும்."